உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு உரிய கையேடு எது?

தோட்டப்புறங்களில் சைக்கிள் இருந்த இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் போன பெற்றோரின் பிள்ளைகள் இன்று ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கும், பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். 1924ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம் உடையது. விடிவதற்கு முன்னரே அதன்மேல் மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாக நகர்வதைக் காணாதவர் ஜொகூரில் இரார். அந்த வரிசையில் இருப்பவர்களுக்கு வண்டி கிளம்பாத நாள் சம்பளம் இல்லாத நாளாகும்.

ஆகவே சிறு பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்ள விரும்புவோர் நம்மிடையே பலர் உள்ளனர். விருப்பமும் ஸ்பானரும் இருக்கின்றன. நம்பத்தக்க நூல் மட்டும் இருப்பதில்லை. அதனைத் தேடிக் கண்டறியும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கையேடு என்று பொதுவாக நாம் சொல்லுவது உண்மையில் மூன்று வெவ்வேறு நூல்களைக் குறிக்கும். புதிய வண்டியோடு கொடுக்கப்படுவது உரிமையாளர் கையேடு. எண்ணெய் எவ்வளவு, டயரில் காற்று எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எதைக் கவனிப்பது என்பதோடு அது நின்றுவிடும். எஞ்சினைப் பிரித்து மறுபடி பூட்டுவதற்குரிய அளவுகள் யாவும் பட்டறைக் கையேட்டில்தான் உண்டு. இதனைத் தயாரிப்பாளர்கள் தங்கள் முகவர்களின் பட்டறைகளுக்காக அச்சிடுகின்றனர். கடையில் எளிதாகக் கிடைக்காததன் காரணம் அதுவே. மூன்றாவது, உதிரிப்பாகப் பட்டியல். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து வரைந்து எண்ணிட்டுக் காட்டும் இந்நூலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வாஷர் எந்தப் பக்கம், ஸ்பிரிங்கு எதற்கு முன்னே என்ற ஐயம் எழும்போது, பட்டறைக் கையேட்டைவிட இதுவே விரைவாக விடை தரும் என்பது நமது அனுபவம்.

இனி நமக்கே நேர்ந்த ஒரு நட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். பழைய கப்சாய் ஒன்றின் கிளட்சைப் பார்ப்பதற்காக எஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்றினோம். திரும்பப் பூட்டுவதற்கு, ஒரு கையேட்டிலிருந்து நண்பர் கைப்பட எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டோம். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு நேரே 10 என்று அதில் இருந்தது. டார்க் ரெஞ்ச் என்னும் முறுக்கு அளக்கும் ஸ்பானரை இரவல் வாங்கிப் 10 என்ற கோட்டில் வைத்து முறுக்கினோம். நான்காவது போல்ட் இறுகுவது போல வந்து, பிறகு வெண்ணெயில் திரும்புவது போலத் திரும்பியது. அலுமினிய உறைக்குள்ளிருந்த மரை தேய்ந்து போயிற்று.

தாளில் தவறு இல்லை. அந்தப் 10 நியூட்டன்-மீட்டரைக் குறித்தது. இரவல் ஸ்பானரோ அடி-பவுண்டில் அளவிடப்பட்டிருந்தது. 10 அடி-பவுண்டு என்பது ஏறத்தாழ 13.6 நியூட்டன்-மீட்டர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக நாம் கூடுதலாக முறுக்கிவிட்டோம். எண்ணை எழுதியவர் அதன் அலகை எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை. மரையைத் துளையிட்டுப் பெரிதாக்கி, சுருள் மரை செருகிச் சரிசெய்யும் வரை இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பழைய ஜப்பானிய நூல்களில் கிலோகிராம்-மீட்டர் என்ற மூன்றாவது அலகும் வரும். 1 கிலோகிராம்-மீட்டர் ஏறத்தாழ 9.8 நியூட்டன்-மீட்டருக்கும் 7.2 அடி-பவுண்டுக்கும் சமம். இந்த ஒரு வரியை ஸ்பானர் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம்.

எனவே பிரதி எடுப்பதானால் முழுப் பக்கத்தையும் எடுத்தல் வேண்டும். நூலின் முதற்பக்கமும் உடனிருத்தல் வேண்டும். ஏனெனில் இந்நூல் எந்த வண்டிக்கு, எந்த எண் முதல் எந்த எண் வரை என்பது அங்கேதான் இருக்கும். முதற்பக்கம் இல்லாத கையேடு, விலாசம் இல்லாத கடிதம் போன்றது.

இங்கே வண்டியின் பெயரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஹோண்டா சூப்பர் கப் 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்தது. அதே ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவிற்குக் கொண்டுவந்தார். கப் என்ற அந்தப் பெயரோடு, சிறியது எனப் பொருள்படும் கண்டோனீஸ் சொல் சேர்ந்தே கப்சாய் ஆயிற்று என்பர். அவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடியை எட்டியது. இத்தனை காலமும் இத்தனை நாடுகளிலும் செய்யப்பட்ட வண்டி ஒரே மாதிரியாக இருந்திருக்குமா? சி70 என்னும் ஒரே பெயரில் 6 வோல்ட் மின்சாரமும் பாயின்ட்டும் கொண்ட வண்டி உண்டு. பின்னாளில் வந்த 12 வோல்ட் சிடிஐ வண்டியும் உண்டு. முன்னதன் பாயின்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை; பின்னதில் பாயின்ட்டே கிடையாது. இஎக்ஸ்5 என்ற பெயரும் அவ்வாறே. நமக்குப் பழக்கமான கார்புரேட்டர் வண்டி 97 சி.சி.; பிறகு வந்த எரிபொருள் உட்செலுத்தும் வண்டி 109 சி.சி. பின்னதில் கோளாறு நேர்ந்தால் மீட்டரிலுள்ள எச்சரிக்கை விளக்கு இத்தனை முறை சிமிட்டி இன்ன இடத்தில் பழுது என்று தெரிவிக்கும். அந்தச் சிமிட்டல் கணக்கு முந்திய நூலில் எங்கிருந்து வரும்?

ஆகையால் நூலைத் தேடுவதற்கு முன் வண்டியின் முன்னே மண்டியிட்டு அமர்ந்து, எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் துணியால் துடைத்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகளே வண்டியின் உண்மையான பெயர். சி70 வண்டியின் எஞ்சினில் அது சி70ஈ என்று தொடங்கும். கைமாறி வந்த வண்டிகளில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பதும் உண்டு. எழுதிய எண்களை வண்டியின் கிராண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால், கையேட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாலைப் போக்குவரத்து இலாகாவிற்குச் செல்லும் வழியை முதலில் பார்த்தல் நலம்.

சரி, நூல் எங்கே கிடைக்கும்? உரிமையாளர் கையேட்டைப் பொறுத்தவரை அதிகத் தொல்லை இல்லை. முகவரிடம் கேட்கலாம், யமஹா போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் இணையத்தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றனர். பட்டறைக் கையேடுதான் கடினம். இங்கிலாந்தின் ஹேன்ஸ், அமெரிக்காவின் கிளைமர் ஆகிய பதிப்பகங்கள் பொதுமக்களுக்கென்றே இத்தகைய நூல்களை வெளியிட்டன. ஒரு வண்டியைத் தாமே முற்றாகப் பிரித்துப் பூட்டி, படிப்படியாகப் படம் எடுத்து எழுதுவது ஹேன்ஸ் நூல்களின் முறை. சி50, சி70, சி90 மூன்றுக்கும் சேர்த்து அவர்கள் ஒரு நூல் வெளியிட்டனர். பாலத்துக்கு அப்பால் வேலை செய்வோர், சிங்கப்பூரில் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இப்பொழுது அங்கே கடைகள் குறைந்துவிட்டன என்றாலும் தேடுவதில் நட்டமில்லை. வாங்கும்போது நூலின் கடைசிப் பக்கங்களை முதலில் பாருங்கள். பிற்கால மாதிரிகளுக்கான மாற்றங்கள் அங்கே இணைப்பாகச் சேர்க்கப்பட்டிருப்பது வழக்கம். அதைப் பாராமல் முன்பகுதியை மட்டும் நம்பினால் பழைய அளவைப் புதிய வண்டிக்கு வைக்க நேரும்.

ஆனால் ஹேன்ஸும் கிளைமரும் தத்தம் சந்தையில் விற்ற வண்டிகளுக்கே எழுதினர். நமது இஎக்ஸ்5க்கும் மொடனாஸ் கிரிஸுக்கும் அங்கே இடமில்லை. இந்த இடத்தில்தான் பலருக்கும் தோன்றாத ஒரு வழி உண்டு. நம் வண்டிகளுக்கு அண்டை நாடுகளில் உடன்பிறப்புகள் இருக்கின்றன. கார்புரேட்டர் இஎக்ஸ்5இன் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தோனேசியாவின் ஹோண்டா அஸ்ட்ரியா கிராண்ட். யமஹா 135எல்சி அங்கே ஜுப்பிட்டர் எம்எக்ஸ். ஒய்15இசட்ஆர் அங்கே எம்எக்ஸ் கிங். கெடா மாநிலத்தின் குருணில் செய்யப்படும் மொடனாஸ் கிரிஸ், கவாசாக்கி காஸே வண்டியை அடிப்படையாகக் கொண்டது. இந்தோனேசிய ஹோண்டாவின் பட்டறை நூல்கள் 'பூக்கு பெடோமான் ரெப்பராசி' என்ற தலைப்பில் வந்தவை. ஆங்கிலத்தில் தடுமாறும் நம் இளைஞர் பலர் மலாய்மொழியில் தேர்ந்தவர்கள் அன்றோ? அவர்கள் இந்நூல்களைத் தயக்கமின்றிப் படிக்கலாம்.

சொற்கள் சில மட்டும் மாறும். நாம் பிளக் என்பது அங்கே புசி, எஞ்சின் எண்ணெய் ஓலி, பிரேக் ரெம், கிளட்ச் கோப்லிங், டயர் பான், புகைக்குழாய் க்னால்பொட், போல்ட் பாவுட், நட்டு மூர். இந்த எட்டுச் சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி நூல் புரிந்துவிடும்.

உடன்பிறப்பு வேறு, இரட்டைப்பிறவி வேறு. எஞ்சினின் உள்ளளவுகள் ஒத்திருக்கும். கார்புரேட்டர் ஜெட், மின்கம்பிகளின் நிறம், பல்சக்கரங்களின் பற்கள் ஆகியவை நாட்டுக்கு நாடு வேறுபடலாம். எது ஒத்தது, எது ஒவ்வாதது என்று சோதித்த பின்னரே நம்புதல் வேண்டும். சோதனை ஒன்றும் கடினமன்று. கையேட்டில் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும் கொடுக்கப்பட்டிருக்கும். விட்டம் 50 மில்லிமீட்டர், தூரம் 49.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சென்டிமீட்டராக்கி, 5.0ஐ 5.0ஆல் பெருக்கினால் 25. அதை 4.95ஆல் பெருக்கினால் 123.75. அதனை 0.7854ஆல் பெருக்கினால் 97.19. உங்கள் கிராண்டில் 97 சி.சி. என்று இருந்தால் நூல் முதற்படியைத் தாண்டிவிட்டது. சி70க்கு இதே கணக்கை 47 மில்லிமீட்டர், 41.4 மில்லிமீட்டர் என்று போட்டுப் பாருங்கள். 72க்கு மிக அருகில் வரும்.

அடுத்து, ஸ்பானரைத் தொடாமலே பார்க்கக்கூடிய மூன்று நான்கு செய்திகளைச் சரிபாருங்கள். பின்சக்கரப் பற்களை எண்ணுங்கள். பிளக்கில் பொறித்த எழுத்துகளைப் படியுங்கள். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். மின்கம்பி ஒன்றின் நிறத்தை நூலிலுள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். முந்தின உரிமையாளர் எதையேனும் மாற்றியிருக்கலாம் ஆதலால், ஒன்று பிசகினால் நூலை எறிந்துவிட வேண்டியதில்லை. மூன்றும் பிசகினால் அது உங்கள் வண்டிக்கு உரிய நூல் அன்று.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று பட்டறை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அவர் கைக்கு அளவு தெரியும், முப்பதாண்டுப் பழக்கம். நமக்கு அது இல்லை. கப்சாயின் வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இடைவெளி அறவே இல்லாமற் போனால் வால்வு சரியாக மூடாது. புகைபோக்கும் வால்வு கருகிப் போகும். அங்குலத்தில் அளவிடப்பட்ட இடைவெளித் தகட்டில் இதற்குரியது ஆயிரத்தில் இரண்டு. அங்கேயும் அலகைப் பார்க்க வேண்டும் என்று மறுபடி சொல்வதற்கு மன்னிக்கவும். சூடு கண்டவர்கள் நாம்.

கையேடு பழையது என்பதனால் மட்டும் தள்ளிவிடவும் கூடாது. 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, இங்கிலாந்தின் புல்லட் வண்டியைப் பூட்டத் தொடங்கியது. தாய்நாட்டில் அவ்வண்டியின் தொழிற்சாலைகள் 1970ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்ட பின்னும், சென்னை வண்டி தன் அடிப்படை வடிவத்தைப் பல்லாண்டுகள் பெரிதும் மாற்றிக்கொள்ளவில்லை. தாத்தா காலத்து நூலை வைத்துப் பேரன் வால்வைச் சரிசெய்ய முடிந்தது. ஜப்பானிய வண்டிகளில் அந்த வசதி இல்லை. அங்கே நூலின் வயதைவிட அது எந்த எண்ணுக்கு உரியது என்பதே கேள்வி.

நல்ல நூல் கையில் இருந்தும் ஒரு வேலையை நாம் தொடுவதில்லை. டிஸ்க் பிரேக்கின் உட்பாகங்களைப் பிரித்தல் அது. பாலத்தில் முன்னே போகும் வண்டி திடீரென்று நின்றால், பிழை திருத்த இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பதில்லை. அதைப் பழகிய பட்டறையிடமே விட்டுவிடுகிறோம்.

அஸ்ட்ரியா கிராண்ட் நூலின் பிரதி ஒன்றைப் பின்னர் தேடிப் பெற்று, பக்கங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வைத்திருக்கிறோம். எண்ணெய்க் கையோடு புரட்டினாலும் கெடுவதில்லை. ஓரங்களில் இந்தோனேசியச் சொற்களுக்கு நேரே தமிழில் பொருள் எழுதியுள்ளோம். நம் வண்டிக்குப் பொருந்தாத அளவுகளைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் இரவல் கேட்டு வருவார்கள். எஞ்சின் எண்ணைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறோம்.