பிரான்சுக்குக் கெண்டை பிடிக்கப் போகும் தம்பிக்கு

தம்பி, கப்பல் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஏரியை முடிவு செய். லண்டனிலிருந்து பிரான்சுக்குத் தூண்டிலோடு கிளம்பும் பலர் லீவு கிடைத்த வாரத்துக்கு முதலில் கப்பலைப் போட்டுவிட்டு, காலியாக இருக்கும் ஏதோ ஓர் ஏரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். விளம்பரப் படத்தில் ஒருவர் 25 கிலோ கெண்டையை ஏந்தியிருப்பதைப் பார்த்தும் ஏமாறாதே. அந்த ஏரியின் விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்கிப் படி. எத்தனை பேரை உள்ளே விடுகிறார்கள், உட்காரும் இடத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கிறார்களா, காரிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம், படகு உண்டா, கழிவறையும் குளியலறையும் எங்கே என்று எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேள். ஒழுங்காகப் பதில் எழுதுகிறவர்தான் ஏரியையும் ஒழுங்காக வைத்திருப்பார்.

முதல் தடவை போகிறவனுக்கு, நாலைந்து நண்பர்கள் சேர்ந்து முழுதாக வாடகைக்கு எடுக்கக்கூடிய சின்னத் தனியார் ஏரிதான் என் தேர்வு. ஷாம்பெய்ன் பகுதியின் டெர் ஏரி பெயர் பெற்றதுதான். ஆனால் அது 48 சதுர கிலோமீட்டர் பரப்பு. மார்ன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க 1974ல் கட்டிய நீர்த்தேக்கம். கோடை தொடங்கும்போது நிரம்பி நிற்கும் தண்ணீரைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடுவார்கள். இலையுதிர்காலத்தில் போனால் கரை உள்வாங்கிச் சேறாகக் கிடக்கும். மூட்டை முடிச்சை அதில் சுமந்து நடக்க வேண்டும். காற்று எழும்பினால் அலையும் பெரிது. கொஞ்சம் அனுபவம் வந்த பிறகு அங்கே போ.

பொது நீர்நிலைகளில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே ‘கார்த் தெ பெஷ்’ என்ற மீன்பிடி அனுமதிச் சீட்டு கட்டாயம். 7 நாளுக்கான சீட்டை இணையத்திலேயே வாங்கலாம். அது கையில் இருந்தாலும், பொழுது விடிவதற்கு அரை மணி முன்பிருந்து பொழுது சாய்ந்து அரை மணி வரைதான் தூண்டில் போடலாம். இரவில் கெண்டை பிடிக்க, மாவட்ட நிர்வாகம் ஒதுக்கிய இடங்கள் மட்டுமே. தனியார் அடைப்பு ஏரிகளில் பொதுவாக இந்தச் சீட்டு தேவைப்படாது. ஆனாலும் உன் ஏரிக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்.

மாதத்தைப் பொறுத்தவரை ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி, இல்லையென்றால் செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும். மே கடைசி, ஜூனில் தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டியதும் கெண்டைகள் கரையோரப் புல்லில் முட்டையிட வந்துவிடும். அந்த நாட்களில் அவை இரையைச் சீண்டாது, நாமும் அவற்றைச் சீண்டக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் சோர்ந்திருக்கும். செப்டம்பரில்தான் குளிருக்கு முன் வயிறு நிரப்பிக்கொள்ள வரும்.

உன் கூட்டாளிகளில் இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமை இருந்தாலும், ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று ஏரிக்காரரிடம் கேட்காமல் பணம் கட்டாதே. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால், நுழையும் நாளில் அது வழங்கி 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

சாப்பாட்டு மூட்டையில் கவனம். பிரெக்சிட்டுக்குப் பிறகு இறைச்சி, பால் பொருள் எதையும் பிரிட்டனிலிருந்து கொண்டுபோகத் தடை. வீட்டில் வைத்த கோழிக்குழம்பு, தயிர், நெய் எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. அரிசி, பருப்பு, பொடிகளை எடுத்துக்கொள்; மற்றதை அங்கே வாங்கு. மீனுக்கான பாய்லி உருண்டைகள் பலவற்றில் பால்மாவு இருக்கும், அதனால் இரையையும் ஏரியிலேயே சொல்லி வைத்து வாங்கிவிடு. அங்கே மீன்கள் தின்று பழகிய இரையும் அதுதான்.

வலை, மீனைக் கிடத்தும் மெத்தை, எடை போடும் பை ஆகியவற்றை ஏரிக்காரரே கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள். கெண்டையைக் கொல்லும் கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ் ஈர வலையோடு ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அதற்கு மருந்து கிடையாது. உன்னுடையதைத்தான் கொண்டுபோகிறாய் என்றால் கழுவி, வெயிலில் மொறமொறவென்று காயவைத்து எடுத்துப் போ. திரும்பி வந்ததும் அதையே செய்.

இனி மீன். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். நம் வீட்டில் மீன் பிடித்தால் குழம்பு என்பது வழக்கம். இந்த ஏரிகளில் பிடித்த ஒவ்வொரு கெண்டையும் தண்ணீருக்கே திரும்பப் போக வேண்டும். 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கெண்டையை உயிரோடு கொண்டுபோவது பிரான்சில் குற்றம், 22,500 யூரோ வரை அபராதம். 20 கிலோ மீன் பல வருடம் வளர்ந்த உயிர். அது கரைக்கு வருவதற்குள் மெத்தையை நனைத்து வை. வெயிலில் கிடந்த மெத்தை அதன் தோலைச் சுட்டுவிடும். கையை நனைத்துக்கொள், மோதிரம், காப்பு, வாட்சைக் கழற்று. தராசும் கேமராவும் பக்கத்தில் தயாராக இருக்கட்டும். முட்டிபோட்டு, மெத்தைக்கு மேலேயே தாழ்வாகப் பிடி; எழுந்து நிற்காதே, துள்ளி விழுந்தால் அது பிழைக்காது. பக்கெட் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே இரு. விடும்போது தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, அதுவாகத் துடுப்படித்துப் போகும் வரை காத்திரு. தூண்டில் நரம்பு அறுந்தால் ஈயம் தனியே கழன்று விழும்படி முடிச்சைக் கட்டு. இல்லாவிட்டால் மீன் அதை இழுத்துக்கொண்டே எங்காவது சிக்கிச் சாகும்.

காரில் போவதானால், பிரான்சில் வண்டி வலப்பக்கம் ஓடும். ஒளிரும் ஜாக்கெட்டும் எச்சரிக்கை முக்கோணமும் காரில் இருந்தே ஆக வேண்டும். நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர், மழையில் 110. அவசரத்துக்கு 112.

நல்ல ஏரிகளில் செப்டம்பர் வாரங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். இந்த வார இறுதிக்குள் இரண்டு மூன்று ஏரிகளுக்கு எழுதி, விதிமுறைத் தாளை வாங்கி எனக்கும் ஒன்று அனுப்பு.