மோட்டார் சைக்கிளின் 'செல்ஃப்' சுணங்குவது ஏன்?

(இளம் அறிவியல், இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டுரை)

முன்னுரை

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் ஒரு காலத்தில் மாட்டு வண்டி இல்லாத வீடு அரிது. இன்று அந்த இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. உர மூட்டை வயலுக்குப் போவது அதில். பால் கேன் சொசைட்டிக்குப் போவது அதில். பேருந்து வராத ஊர்களிலிருந்து மாணவர் கல்லூரிக்கு வருவதும் அதில்தான். நள்ளிரவில் நோயாளி ஒருவரைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப் பல குடும்பங்களுக்குக் கைவசம் உள்ள வாகனமும் அதுவே. அத்தகைய வண்டி, பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டால், அல்லது முனகி முனகிச் சுற்றினால் என்ன செய்வது? இயற்பியல் வகுப்பில் நாம் படித்த ஓம் விதி இதற்கு விடை சொல்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிக்கர் போன கதை

மின் விசையால் இயந்திரத்தைத் துவக்கும் முறை, சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கரின் முயற்சியால் 1912-இல் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் காரின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைக் கையால் சுழற்ற வேண்டும். மோட்டார் சைக்கிள்களோ நெடுங்காலம் காலால் உதைக்கும் கிக்கரையே நம்பியிருந்தன. 1955-இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டியைப் பலரும் அறிவர். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்து, பிறகு ஓங்கி மிதிக்க வேண்டும். அது ஒரு தனிக் கலை!

இன்று நிலைமை வேறு. பல புதிய வண்டிகளில் கிக்கரே இல்லை. 2020 ஏப்ரல் முதல் நாள் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலான வண்டிகளில் எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு பிடித்துவிட்டது. அதன் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தேவை. பேட்டரி முற்றிலும் செத்துவிட்டால், இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் வண்டி கிளம்பாமல் போகலாம். ஆகவே, 'செல்ஃப்' என்று நாம் வழங்கும் துவக்கும் மோட்டாரைப் பற்றிய அறிவு முன்னைவிட இப்போது தேவைப்படுகிறது.

விளக்கு எரிகிறதே!

செல்ஃப் எடுக்காதபோது பலரும் சொல்வது இது: "ஹெட்லைட் நன்றாக எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரியில் குறையில்லை." இந்த வாதம் சரியா?

ஹெட்லைட் 35 வாட் என்று கொள்வோம். 12 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 3 ஆம்பியர். செல்ஃப் மோட்டாரோ சிறிய வண்டிகளிலேயே பல பத்து ஆம்பியர் இழுக்கும். கணக்குக்கு 60 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளே ஒரு மின்தடை உண்டு. புதிய பேட்டரியில் அது 0.02 ஓம் என்றால், 60 ஆம்பியர் பாயும்போது உள்ளேயே இழக்கும் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான். மோட்டாருக்கு 11 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். தகடுகள் பழுதுபட்டு அதே மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டால்? ஹெட்லைட்டுக்கு இழப்பு 0.3 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃபுக்கோ 60 ஆம்பியரில் 6 வோல்ட், அதாவது பாதி, உள்ளேயே போய்விடும். விளக்கு எரிவது பேட்டரியின் நலத்துக்குச் சான்று ஆகாது என்பது இதனால் விளங்கும்.

நம் பகுதி மக்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். மேட்டூர் அணையில் 120 அடி நீர் நிற்கலாம். கல்லணையிலும் தண்ணீர் திறந்திருக்கலாம். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், ஒரு நாற்றங்காலை நனைக்கும் அளவு நீர் எப்படியோ வந்து சேரும். எல்லா மடைகளும் ஒருசேரத் திறந்து நடவுக்கு நீர் கேட்கும்போதுதான் பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் எட்டாது. பேட்டரி அணை, ஒயர் வாய்க்கால், செல்ஃப் மோட்டார் கடைமடை, மின்தடையே தூர்.

இன்னொரு கணக்கும் உண்டு. 60 ஆம்பியர் மின்னோட்டம் 3 வினாடி பாய்ந்தால் செலவாகும் மின்னூட்டம் 180 கூலும். 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 18,000 கூலும். ஒருமுறை வண்டியைக் கிளப்ப நூற்றில் ஒரு பங்குதான் செலவு! ஆகவே நல்ல பேட்டரி, ஒன்றிரண்டு முறை செல்ஃப் அடித்ததால் மட்டும் தீர்ந்துவிடாது. வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் விடுவது, மின்னேற்றும் அமைப்பின் கோளாறு, மூப்பு இவையே பெரும்பாலும் காரணம்.

ஓசை சொல்லும் செய்தி

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, பொத்தானை அழுத்தும்போது எழும் ஓசையைக் கவனித்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

1. ஓசையே இல்லை. கிக்கர் இல்லாத வண்டியாயினும் பதற வேண்டாம். கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு, நியூட்ரல், கிளட்ச் பிடி இவற்றைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இவை சரியாக இல்லாவிட்டால் செல்ஃப் வேலை செய்யாது. அடுத்தது ஃப்யூஸ்.

2. 'டக டக டக' என்ற தொடர் ஓசை. பொத்தான் வழியே பாயும் சிறு மின்னோட்டம் ரிலேயின் காந்தச் சுருளை இயக்க, ரிலே பெரிய மின்னோட்டத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. வலுவற்ற பேட்டரியில் அக்கணமே மின்னழுத்தம் சரிகிறது. காந்தம் பிடியை விடுகிறது. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் எழுகிறது. மீண்டும் காந்தம் பிடிக்கிறது. இதுவே அந்த ஓசை. பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது அதன் டெர்மினல் தளர்ந்திருக்கலாம்.

3. ஒரே ஒரு 'டக்'. இப்போது விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு மிகவும் மங்கினால், பேட்டரி வலுவற்றது; அல்லது மோட்டாரோ இயந்திரமோ இறுகியுள்ளது. விளக்கு மங்கவே இல்லையென்றால் மோட்டாருக்கு மின்னோட்டம் போகவில்லை என்று பொருள். ரிலேயின் தொடுமுனை, தடித்த ஒயர், மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

4. மோட்டார் 'விர்'ரென்று சுற்றுகிறது, இயந்திரம் சுற்றவில்லை. மின்சாரத்தில் குறையில்லை. இரண்டையும் இணைக்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது.

5. முனகிக்கொண்டு மெல்லச் சுற்றுகிறது. இதுவே அடிக்கடி காண்பதும், தவறான முடிவுக்கு வழிவகுப்பதும் ஆகும்.

மதகுக்கு மேலும் கீழும்

நீர் எங்கே தடைபடுகிறது என்று அறிய லஸ்கர் என்ன செய்வார்? ஒவ்வொரு மதகுக்கும் மேலும் கீழும் நீர்மட்டத்தைப் பார்ப்பார். நாமும் மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து அவ்வாறே செய்யலாம். கருவியின் விலை சில நூறு ரூபாய்தான். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, செயினிலிருந்தும் சக்கரத்திலிருந்தும் கையை விலக்கி வைக்க வேண்டும்.

முதலாவது, சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் மின்னேற்றம் செய்தபின்தான் மற்றச் சோதனைகள்.

இரண்டாவது, அதே முனைகளில், பொத்தானை அழுத்திக்கொண்டே அளக்க வேண்டும். நிறைவாக மின்னேற்றிய பேட்டரியும் 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், பேட்டரி முதுமை அடைந்தது. அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. 11 வோல்ட்டிலேயே நின்றும் மோட்டார் முனகினால், பேட்டரி குற்றமற்றது! தடை வேறு எங்கோ இருக்கிறது.

மூன்றாவது, பேட்டரியின் நேர்முனைக்கும் மோட்டாரின் டெர்மினலுக்கும் இடையே, பொத்தானை அழுத்தும்போது அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில், பெரும்பாலும் ரிலேயில், தடை உள்ளது.

நான்காவது, பேட்டரியின் எதிர்முனைக்கும் இயந்திரத்தின் உலோக உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 'எர்த்' ஒயர் சரியில்லை. பலர் மறந்துவிடும் இடம் இதுதான்.

ஒரு இணைப்பில் 0.03 ஓம் தடை ஏற்பட்டால் 60 ஆம்பியரில் 1.8 வோல்ட் அங்கேயே வீணாகும். 108 வாட் வெப்பமும் அங்கே தோன்றும். செல்ஃப் அடித்தவுடன் கை சுடும் இணைப்பே குற்றவாளி என்று மீட்டர் இல்லாமலேயே கண்டுகொள்ளலாம்.

நான்கு சோதனையிலும் இணைப்புகள் தேறினால், எஞ்சியவை மோட்டாரும் இயந்திரமும். தேய்ந்த பிரஷ், கரி படிந்த கம்யூட்டேட்டர், இறுகிய புஷ் ஆகியவற்றைப் பட்டறையில் பிரித்துப் பார்க்க வேண்டும். செல்ஃபை ஒரு தடவையில் 5 வினாடிக்கு மேல் அடிக்கலாகாது என்பதன் காரணமும் இங்கே உண்டு. மோட்டார் சுற்றும்போது எழும் எதிர் மின்னியக்கு விசையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. மெல்லச் சுற்றினால் அவ்விசை குறையும், மின்னோட்டம் பெருகும், சுருள் கருகும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே அரை நிமிடமாவது ஓய்வு தர வேண்டும்.

நம் மண்ணுக்குரிய காரணங்கள்

குளிர் நாடுகளில் பேட்டரிக்குப் பகை பனி. இங்கே பகை வெயில். சித்திரை வைகாசியில் நீர் வற்றி, தகடுகள் அரிக்கப்பட்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒருநாள் பேட்டரி கைவிடுகிறது. பழி மழைமேல், காரணம் கோடையில். நீர் ஊற்றும் வகைப் பேட்டரியாயின் கோடையில் மாதம் ஒருமுறை மட்டத்தைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீர் கூடாது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தின் உப்புக் காற்றும், வயல் சேறும் டெர்மினல்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூப்பதற்குக் காரணம். முதலில் எதிர்முனையைக் கழற்றி, சோடா உப்புக் கரைசலால் துடைத்து, உலர்த்தி, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். மாட்டும்போது எதிர்முனை கடைசி.

வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலையும் மாற்றியபின்தான் துவக்க வேண்டும்.

புதிய பேட்டரி போட்டும் சில மாதங்களில் அதே தொல்லையா? இயந்திரத்தைச் சற்று வேகமாக ஓடவிட்டு முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். குறைந்தால் மின்னேற்றம் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுதாகிப் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது.

முடிவுரை

புதிய பேட்டரியின் விலை ஒரு விவசாயத் தொழிலாளிக்குப் பல நாள் கூலி. தளர்ந்த ஒரு எர்த் போல்ட்டுக்காக அந்தக் கூலி போகலாகாது. நம்மில் பலர் இயற்பியல் படித்தவர்கள். ஊரில் கடன் வாங்கிப் பேட்டரி மாற்றப் புறப்படும் அண்டை வீட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்தி, மீட்டரை வைத்து அளந்து சொல்ல நம்மால் முடியும். "மாற்றுமுன் அளந்து பார்" என்பதே ஓம் விதி நமக்குக் கற்பிக்கும் பாடம். அளந்தபின் பேட்டரிதான் பழுது என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றலாம். அப்போது அந்தச் செலவு வீண் செலவு அன்று.