பரணிலிருந்து இறங்கிய டிரம்ஸ் செட்

என் மாமா ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அவருடைய செட் இருபது வருடமாகப் பரணில் மூட்டையாகக் கிடந்து, போன கோடையில்தான் கீழே இறங்கியது. இங்கிலாந்தின் லெஸ்டரில் தயாரான பழைய பிரிமியர். வெள்ளை முத்து உறை பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தது. ஸ்டாண்டைத் தொட்டால் கையெல்லாம் காவி. எங்கள் வீட்டுக்குக் கடற்காற்று வரும், கேட்கவா வேண்டும்! “காயலான் கடையில கிலோ கணக்குல எடுத்துக்குவான்” என்றார் அத்தை. எடுத்திருக்க மாட்டான், பாதி எடை மரம். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதைத் தேற்றியதில் தெரிந்துகொண்டவை இவை.

1. முதல் ஸ்க்ரூவைத் திருப்பும் முன் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கழற்றியதைப் போட்டு வைக்க முட்டை அட்டையை மிஞ்சியது எதுவும் இல்லை. ஒரு லக்கின் (டிரம்மின் பக்கவாட்டில் ராடைப் பிடித்துக்கொள்ளும் துண்டு) ஸ்க்ரூ, வாஷர், ஸ்பிரிங் மூன்றும் ஒரே குழிக்குள் போகட்டும். எந்த டிரம், மேல் பக்கமா கீழ்ப் பக்கமா என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி அட்டையில் ஒட்டிவிடுங்கள். “நினைவிருக்கும்” என்று நினைத்தேன். இருக்கவில்லை.

2. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு உலோகத் துண்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, மேலே குரோமோ நிக்கலோ பூசியிருப்பார்கள், துரு பிடிப்பது இதில்தான். ஒட்டாவிட்டால் பித்தளை, அலுமினியம், அல்லது அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை. பல பழைய செட்டுகளில் லக்குகள் இந்தக் கலவையில்தான் வரும். இவற்றில் துரு கிடையாது. இருப்பது அழுக்கு, களிம்பு, அல்லது பூச்சுக் கோளாறு. லட்விக் நிறுவனத்தின் சுப்ராஃபோனிக் ஸ்னேர் டிரம் இதற்கு நல்ல உதாரணம். 1960-களின் நடுவிலிருந்து பெரும்பாலும் அலுமினியக் கலவை ஷெல்லின் (டிரம்மின் உருளை உடல்) மேல் குரோம் பூசித்தான் அது வந்தது. அதில் புள்ளி புள்ளியாகக் கொப்பளித்திருப்பதைத் துரு என்று நினைத்துத் தேய்த்தால் குரோம் செதில் செதிலாகக் கையோடு வந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து அப்படியே விட்டுவிடுங்கள், சத்தத்துக்கு ஒரு குறையும் வராது.

3. குரோம் பூசிய இரும்பு வளையம், ஸ்டாண்டுக் குழாய் இவற்றுக்குச் சமையலறை அலுமினிய ஃபாயில் போதும். உள்ளங்கை அளவு கிழித்து, கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். அலுமினியம் குரோமை விட மிருதுவானது, அதனால் கீறல் விழாது. சிறிது நேரத்தில் கறுப்பாக ஒரு குழம்பு வரும். பயப்படாதீர்கள், வேலை நடக்கிறது என்று அர்த்தம். பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். காவி போன இடத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும். குரோமில் விழுந்த நுண்ணிய ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, அடியில் இருக்கும் இரும்பைத் தின்ற தடம் அது. எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் குழி போகாது. நன்றாகக் காயவைத்து, கார் பாலிஷ் மெழுகை ஒரு கை தடவி ஓட்டையை அடைத்துவிடுங்கள். புல்லட் சைலன்சருக்குக் குரோம் போடும் பட்டறைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பீர்கள். பூச்சு தோல் தோலாக உரிந்திருந்தால் ஒழிய வேண்டாம். அங்கே பழைய பூச்சை எடுக்கிறேன் என்று விளிம்பையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள்.

4. வளையத்தை இறுக்கும் டென்ஷன் ராடுகளின் மரைக்குள் இருக்கும் துருவுக்கு ஃபாயில் எட்டாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, ராடுகளைப் போடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, நல்ல தண்ணீரில் ஒரு அலசு, ஹேர் டிரையரில் ஈரம் போக ஒரு உலர்த்தல், மரையில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். இதில் ஒரு படியைத் தாண்டினாலும் மறுநாள் காலையில் புதுத் துரு பூத்திருக்கும். காந்தம் ஒட்டாத எதையும் இந்தத் தண்ணீரில் போடாதீர்கள். துத்தநாகக் கலவையை அமிலம் அரித்துவிடும்.

5. கழிவறை கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அவசரத்தில் நாலு ராடுகளை அதில் போட்டேன். பத்து நிமிடத்தில் துரு போனது, கூடவே குரோமும் போனது. மங்கிய சாம்பல் நிறத்தில் அந்த நாலும் இன்றும் பேஸ் டிரம்மின் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கின்றன.

6. இறுகிய விங் நட்டை இடுக்கி போட்டு முறுக்க வேண்டாம், இறக்கை உடைந்துவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசின் போல ஒட்டும்.

7. முத்து உறையை அசிட்டோன், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் தொடக் கூடாது. அந்தக் கால உறைகள் பெரும்பாலும் செல்லுலாய்டு. 1964-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரிங்கோ ஸ்டார் வாசித்த லட்விக்கின் மேல் இருந்ததும் இப்படி ஒரு முத்து உறைதான். தின்னர் பட்டால் இளகிக் குழைந்துவிடும், நெருப்பு பட்டால் குப்பென்று பற்றும். எனவே ஹீட் கன்னும் ஆகாது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து துடையுங்கள். மஞ்சள் போகாது, போக வேண்டியதும் இல்லை.

8. சிம்பலைக் கண்டதும் கை தானாகப் புளிப் பானைக்குப் போகும். குத்துவிளக்குக்குப் புளி சரி, சிம்பலுக்கு வேண்டாம். உயர்தரச் சிம்பல்கள் நூற்றுக்கு எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். புளிக்கும் பித்தளை பாலிஷுக்கும் பளபளக்கத்தான் செய்யும். ஆனால் பாலிஷ் போட்டால் மேலே மையில் அச்சிட்ட முத்திரையும் சேர்ந்து அழியும். வயதான அந்தப் பழுப்பு நிறத்துக்காகவே பழைய சிம்பல் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பது, அவ்வளவு போதும். ஸ்டாண்டின் நுனியில் பிளாஸ்டிக் குழாய் தொலைந்திருந்தால் மட்டும் உடனே கவனியுங்கள். இரும்பு நேரடியாக உரசினால் சிம்பலின் நடு ஓட்டை சாவித் துவாரம் மாதிரி நீண்டுவிடும். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் பிளாஸ்டிக் டியூபில் ஒரு அங்குலம் வெட்டிச் செருகினால் சரியாகிவிடும்.

9. ஷெல்லின் விளிம்பு சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சமையலறை கிரானைட் மேடையே போதும். விளக்கை அணைத்து, ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை எரியவிட்டு, விளிம்போடு கண்ணை வையுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். மயிரிழை கசிந்தால் கண்டுகொள்ளாதீர்கள். நிறையக் கசிந்தால் டிரம் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். கதவு செய்யும் ஆசாரியிடம் கொடுத்தால் இழைப்புளியை எடுத்துவிடுவார்.

10. ஹெட் (டிரம்மின் தோல்) வாங்குமுன் ஷெல்லின் விட்டத்தை அளந்து பாருங்கள். 1960-களின் பிற்பகுதிக்கு முந்தைய பிரிமியர் டிரம்களில் சில இன்றைய அளவை விடக் கொஞ்சம் பருமன். பன்னிரண்டு அங்குலம் என்று எழுதிய புது ஹெட் அதில் உட்காரவே உட்காராது. எனக்கு இது பணம் கட்டிய பிறகு தெரிந்தது.

11. எங்கே தட்டினாலும் “ஞொய்ங்” என்று ஏதோ கூடவே பாடுகிறதா? லக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான். அதற்குள் சிறு பஞ்சுத் துண்டைச் செருகுங்கள்.

12. ஸ்டாண்டுக் கால்களின் ரப்பர் தேய்ந்திருந்தால் மருந்துக் கடையில் ஊன்றுகோலுக்கு விற்கும் ரப்பர் குப்பியை அளவு பார்த்து வாங்கி மாட்டுங்கள்.

13. ஹெட்டை மாட்டும்போது ராடுகளை முதலில் விரலாலேயே முட்டும் வரை திருகுங்கள். சிக்கினால் கழற்றி மறுபடி போடுங்கள். இங்கிலாந்து மரையும் அமெரிக்க மரையும் எல்லாச் செட்டிலும் ஒன்றில்லை. அப்புறம் டிரம் கீயை எடுத்து, கார் சக்கர நட்டை முடுக்குவது போல எதிரெதிராக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று.

14. வாசித்து முடித்ததும் வளையத்தில் பட்ட கை வியர்வையைத் துடைத்துவிடுங்கள், அதில் இருப்பதும் உப்புதான். பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் ஏற்றாதீர்கள், உள்ளே ஈரம் வேர்த்து நிற்கும். பழைய பருத்திப் புடவையால் மூடுங்கள். எங்கள் செட் இப்போது அத்தையின் சுங்குடிப் புடவைக்குள் ஹாலில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தது அத்தையேதான்.