குளிர் மலையிலிருந்து கோணமலைக்கு

கந்தப்பளைக் குளிருக்குப் பழகிய உடம்பு திருகோணமலை வெயிலில் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால் கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாக இரவிலேயே வேனில் புறப்படுங்கள். சாரதி பகலில் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். பிரெட்றிக் கோட்டைக்குள் மேடேறித்தான் கோயிலில் கோணேசரைக் காணலாம். வெயில் ஏறினால் வெறுங்காலைத் தரை சுடும், நண்பகலில் நடையும் சாத்திவிடுவார்கள். காலையே நல்லது. கோயிலருகே இராவணன் வெட்டு என்னும் செங்குத்துப் பாறைப் பிளவின் பக்கம் பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

அடுத்துச் செல்லும் கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இராது. கையில் ஊற்றிப் பார்த்த பிறகே பிள்ளைகளின் தலையில் ஊற்றுங்கள். மாலையில் நகரத்துப் பத்திரகாளி அம்மன் கோயில். நவம்பர், டிசம்பர் அடைமழைக் காலம். மே முதல் செப்டம்பருக்குள் போய்வருவது உத்தமம்.