வெள்ளைப்படுதல்: பெயர் ஒன்று, காரணங்கள் பல

கரையான்சாவடி, பூந்தமல்லி பகுதிப் பெண்கள் பலர் வெள்ளைப்படுதலை ‘உடற்சூடு’ என்றெண்ணிப் பல மாதங்கள் பொறுத்திருந்த பின்னரே எம்மிடம் வருகின்றனர். நிறமும் நாற்றமும் அரிப்பும் இல்லாத கசிவு இயல்பானது. அதற்கு மருந்து தேவையில்லை. இவற்றில் மாற்றம் தோன்றினால் தொற்று இருக்கக்கூடும்.

பெரும்பாலும் காணப்படும் தொற்றுகள் மூன்று. யோனியின் அமிலத்தன்மையைக் காக்கும் நல்ல நுண்ணுயிரிகள் குறையும்போது பாக்டீரியாத் தொற்று உண்டாகிறது. சாம்பல் நிறக் கசிவும் மீன் நாற்றமும் இதன் அடையாளம். பூஞ்சைத் தொற்றில் தயிர்த்திரள் போன்ற கசிவும் கடும் அரிப்பும் இருக்கும். டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியால் மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரைத்த கசிவு ஏற்படலாம்.

பூஞ்சைக்குக் குளோட்ரிமசோல் அல்லது ஃபுளுகோனசோல் தரப்படுகிறது. மற்ற இரண்டிற்கும் மெட்ரோனிடசோல். பூஞ்சைக்கான மருந்து மற்ற இரண்டையும் குணப்படுத்தாது, மெட்ரோனிடசோல் பூஞ்சையைக் குணப்படுத்தாது. ஆகவே மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்குதல் நோயை நீட்டிக்கவே செய்யும். டிரைக்கோமோனாஸ் உடலுறவால் பரவுவதால், கணவருக்கும் அதே சமயத்தில் சிகிச்சை அளித்தல் அவசியம். இல்லையேல் தொற்று திரும்பும்.

பூஞ்சைத் தொற்று அடிக்கடி வந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தும் உட்கொள்ளலாகாது. யோனியின் உட்புறத்தைச் சோப்பினால் கழுவுதல் தீங்கு தரும்.

காய்ச்சல், அடிவயிற்று வலி, இரத்தம் கலந்த கசிவு, மாதவிலக்கு நின்றபின் தோன்றும் கசிவு ஆகியவற்றில் தாமதம் கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் தேவைப்படலாம். இது வெட்கப்பட வேண்டிய நோயன்று, குணமாகக்கூடிய நோய்.