நான்கு ஃபிரேமா, எட்டு ஃபிரேமா: பிக்சல் உருவத்தை நடக்க வைக்கும் வழி

பிக்சல் ஓவியம் பழகத் தொடங்கியவர்கள் வரைந்த உருவம் நிற்கும்போது நன்றாகவே இருக்கும். நடக்க விட்டால்தான் சிக்கல். தரையில் வழுக்கிக்கொண்டு போகும், நொண்டும், இல்லையென்றால் இடுப்புக்கு மேலே அசையாமல் கால்கள் மட்டும் கத்தரிக்கோல் போலத் திறந்து மூடும். ஃபிரேம் போதவில்லை என்று நினைத்து இன்னும் நான்கைச் சேர்ப்பார்கள். நான்கு ஃபிரேமில் சறுக்கும் உருவம் எட்டு ஃபிரேமில் வழவழப்பாகச் சறுக்கும், அவ்வளவுதான். எத்தனை ஃபிரேம் என்பது உருவத்தின் உயரமும் விளையாட்டின் கோணமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

எந்த எண்ணிக்கையைத் தேர்ந்தாலும் நடையின் அடிப்படை நான்கு நிலைகள்தான். ரிச்சர்ட் வில்லியம்ஸ் 2001-இல் வெளியிட்ட ‘தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்’ நூலில் அவற்றை விரிவாகப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். முன்கால் குதிகால் தரையைத் தொடுவது கான்டாக்ட். உடலின் எடை அந்தக் காலில் இறங்கி முழங்கால் மடிவது டவுன். உடல் மிகத் தாழ்ந்திருப்பது இங்கேதான். ஊன்றிய கால் நிமிர்ந்து நிற்க, மற்றக் கால் மடங்கி அதைக் கடப்பது பாஸிங். ஊன்றிய காலின் நுனி உடலை முன்னே தள்ளுவது அப். உடல் மிக உயர்ந்திருப்பது இங்கே. இந்த நான்கும் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை வந்தால் எட்டு. அதைவிடக் குறைவாகப் போடும்போது எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும்.

இரண்டு, மூன்று ஃபிரேம் நடையை ஏழைகளின் வழி என்று ஒதுக்க வேண்டாம். 1996-இல் கேம் பாய் கருவிக்கு வந்த முதல் போக்கிமான் விளையாட்டுகளில் உருவம் 16×16 பிக்சல். நிற்கும் படம் ஒன்று, அடி வைக்கும் படம் ஒன்று. முன்பக்கம் பார்த்து நடக்கும்போது அடி வைக்கும் படத்தையே இடவலமாகத் திருப்பி அடுத்த அடியாக்கினார்கள். 1985-இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் சிறிய மாரியோவின் நடைக்கு மூன்றே படங்கள். வேகம் கூடினால் படங்கள் மாறும் வேகமும் கூடும். மேலிருந்து பார்க்கும் விளையாட்டில், நான்கு திசைகளிலும் நடக்கும் 16 பிக்சல் உருவத்துக்கு இதுவே பொருத்தம். திசைக்கு எட்டு ஃபிரேம் என்றால் 32 படங்கள் ஆகிவிடும். அதே உருவம் கையில் விளக்கு ஏந்தி நடக்க வேண்டுமென்றால் இன்னொரு 32. தனியாக விளையாட்டு செய்யும் பலர் களைத்துப்போவது இந்த இடத்தில்தான்.

பக்கவாட்டில் நடக்கும், 24 முதல் 32 பிக்சல் உயரமுள்ள உருவமென்றால் நான்கு ஃபிரேமில் தொடங்குங்கள்: கான்டாக்ட், பாஸிங், மறுகால் கான்டாக்ட், மறுகால் பாஸிங். பாஸிங்கில் தலையையும் உடலையும் ஒரு பிக்சல் உயர்த்துங்கள். இந்த நான்கும் சரியாக வந்துவிட்டால் இடையில் எதைச் சேர்த்தாலும் நடை கெடாது. இவை தவறாக இருந்தால் இடையில் சேர்க்கும் ஒவ்வொன்றும் அந்தத் தவறையே சுமக்கும். ஆறு ஃபிரேமுக்கு நகர்வதானால் டவுன் நிலையைச் சேருங்கள், அப் நிலையை விட்டுவிடுங்கள். உடலுக்கு எடை இருக்கிறது என்று கண் நம்புவது டவுனில்தான்.

எட்டு ஃபிரேம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதற்கு இடம் வேண்டும். 16 பிக்சல் உருவத்தில் கால் நான்கைந்து பிக்சல்தான். கான்டாக்ட்டுக்கும் டவுனுக்கும் வேறுபாடு காட்டவே அங்கே புள்ளி கிடைக்காது. வலிந்து போட்டால் நடை தெரியாது, நடுக்கம்தான் தெரியும். 32-க்கு மேல், குறிப்பாக 48 பிக்சல் உயரத்தில், எட்டு ஃபிரேம் போட்ட உழைப்புக்குப் பலன் தரும். உழைப்பும் பயமுறுத்தும் அளவு இல்லை. பக்கவாட்டு நடையில் பிற்பாதி நான்கு படங்களின் வெளிவடிவம் முற்பாதியின் அதே வடிவம்தான். நகலெடுத்து, அருகிலுள்ள கைகால்களின் நிறத்தையும் தூரத்திலுள்ளவற்றின் நிறத்தையும் மாற்றிக்கொண்டால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

நிறம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு கால்களுக்கும் ஒரே நிறம் கொடுத்தால் எந்தக் கால் முன்னே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கால்கள் ஒன்றையொன்று கடப்பதற்குப் பதில் மோதித் திரும்புவதாகத் தோன்றும். நொண்டல் என்று பலர் சொல்வதில் பாதிக்குக் காரணம் இது. தூரத்துக் காலையும் கையையும் ஒரு நிழல் கூடுதலாக இருட்டாக்குங்கள். புது ஃபிரேம் எதுவும் வரையாமலே நடை தெளிவாகும். கைகள் கால்களுக்கு எதிராக வீச வேண்டும் என்பதையும் கூடவே சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது சறுக்கல். இதைத் தீர்ப்பது கணக்கு. தரையில் ஊன்றிய பாதம் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே அளவு பின்னே போக வேண்டும். உருவம் திரையில் அதே அளவு முன்னே போக வேண்டும். எட்டு ஃபிரேம் நடையில் ஊன்றிய பாதம் உடலின் மையத்திலிருந்து நான்கு பிக்சல் முன்னே தொடங்கி, பிறகு இரண்டு, பூஜ்யம், பின்னே இரண்டு, பின்னே நான்கு என்று போகிறது என்று வையுங்கள். ஃபிரேமுக்கு இரண்டு பிக்சல். முழுச் சுற்றுக்கு 16. ஃபிரேமுக்கு 100 மில்லிவினாடி என்றால் 0.8 வினாடியில் 16 பிக்சல், அதாவது வினாடிக்கு 20. வினாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும் விளையாட்டில் மூன்று முறைக்கு ஒரு பிக்சல் நகர்த்தினால் பாதம் தரையில் ஒட்டி நிற்கும். பெரும்பாலானோர் பாதத்தை ஒரு ஃபிரேமில் மூன்று, அடுத்ததில் ஒன்று என்று கண்மதிப்பில் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் எந்த வேகத்தில் நகர்த்தினாலும் பொருந்தாது.

எட்டு ஃபிரேமின் உண்மையான ஆதாயமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதே வேகத்தில் நான்கு ஃபிரேம் நடையை 200 மில்லிவினாடிக்கு ஒன்றாக ஓட்டினால், படம் மாறுவதற்குள் உருவம் நான்கு பிக்சல் நகர்ந்துவிடும். அதுவரை பாதம் கொஞ்சம் வழுக்கும். எட்டில் அந்த வழுக்கல் பாதியாகக் குறையும். உருவம் மெதுவாகவே நடக்கும் கதை விளையாட்டென்றால் இந்த வேறுபாடு கண்ணில் படும். ஓடிக்கொண்டே இருக்கும் விளையாட்டில் யாரும் கவனிக்கப்போவதில்லை, நான்கே போதும்.

உடலின் ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு வழிகள். இடுப்புக்கு மேலுள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு பிக்சல் நகர்த்துவது எளிய வழி; சிறிய உருவத்துக்கு அதுவே நல்லது. பெரிய உருவத்தில் முடியும் துணியும் உடலைவிட ஒரு ஃபிரேம் தாமதமாக இறங்கும்படி வரையலாம். ஆனால் அதை நடை முடிந்தபிறகு கடைசியாகச் செய்யுங்கள். சட்டை மடிப்பும் முகத்தின் நிழலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் காரணமில்லாமல் இடம் மாறினால் உருவம் முழுக்கக் கொதிப்பதுபோல் தெரியும். அடிப்படை நடை உறுதியாகும்வரை முகம், பொத்தான், பெல்ட் எதையும் வரையாமல் தட்டையான நிறங்களில் வேலை செய்வதே நல்லது.

மனத்திலிருந்து வரைவதா, வீடியோவைப் பார்த்து வரைவதா? 1989-இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வுக்காக ஜோர்டன் மெக்னர் தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம் பிடித்து, அதன்மேல் வரைந்தார். அந்த உருவத்தின் எடை இன்றும் வியக்க வைக்கிறது. பெரிய, உடலமைப்பு இயல்பான உருவத்துக்கு இது சிறந்த வழி. தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் உள்ள உருவத்தின்மேல் மனித நடையை அப்படியே படியெடுத்தால் ஒட்டாது. அங்கே கைபேசியில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நிலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ஏஸ்ப்ரைட் பணம் கொடுத்து வாங்குவது. முன்பின் படங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி நேரமும் அதில் வசதியாக இருக்கின்றன. அதன் பழைய திறந்த மூலப் பதிப்பிலிருந்து பிரிந்த லிப்ரேஸ்ப்ரைட்டும், பிக்ஸலோராமாவும் இலவசம். பிரவுசரிலேயே முயன்று பார்க்கப் பிஸ்கெல் போதும்.

கடைசியாக, முன்பக்கம் பார்த்து நடக்கும் உருவம். இந்த நடையில் கால்கள் பக்கவாட்டில் அகலக் கூடாது. தூக்கிய காலை ஒன்றிரண்டு பிக்சல் குட்டையாக்குங்கள், உடலை ஊன்றிய காலின் பக்கம் ஒரு பிக்சல் சாய்த்துவிடுங்கள். மறு அடிக்குப் படத்தை இடவலமாகத் திருப்புவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் தலை வகிடு, தோள்பை, கையிலுள்ள வாள் ஆகியவையும் கூடவே பக்கம் மாறிவிடும். திருப்பியபின் அந்தச் சில பிக்சல்களை மட்டும் கையால் பழைய பக்கத்துக்கே வரைந்துவிடுங்கள்.