ஜீப் ஆக்சில் போட்டால் வண்டி மலை ஏறுமா?

பாலக்கோடு தக்காளிச் சந்தைக்கு விடியும் முன்னே வந்து வரிசை கட்டுபவை பிக்கப் வண்டிகள். காலையில் தக்காளிப் பெட்டி ஏற்றிய அதே வண்டி மதியம் உரமூட்டை ஏற்றும், சாயங்காலம் கட்டடக் கம்பி ஏற்றும். அது ஒரு நாள் பட்டறையில் நின்றால் வீட்டில் அன்றைய வரும்படி நின்றுபோகும். அப்படிப்பட்ட வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு, பழைய ஜீப்பின் சாலிட் ஆக்சிலை மாட்டலாமா என்று தர்மபுரிப் பக்கத்து இளைஞர்கள் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் சித்தேரி பக்கமோ பென்னாகரத்து மலைக்காட்டுப் பக்கமோ லோடு அடித்தவருக்குத்தான் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதனால் இந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்லவேண்டும்.

இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் வளையாத ஒரே இரும்புத் தண்டு சேர்த்துப் பிடித்திருந்தால் அது சாலிட் ஆக்சில். ஒரு பக்கம் கல்லில் ஏறினால் மறுபக்கமும் சேர்ந்து சாயும். ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கினால் அது இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன். இந்த இரண்டையும் சுற்றித்தான் இத்தனை நம்பிக்கைகளும் வளர்ந்திருக்கின்றன.

நம்பிக்கை: அந்தக் காலத்து ஜீப் எந்த மலையிலும் ஏறியது, அதற்குக் காரணம் அதன் ஆக்சில்.

ஜீப் ஏறியது உண்மை. 1940-களின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா பாகங்களைக் கோத்து வில்லிஸ் ஜீப் செய்யத் தொடங்கியது முதல், சாலை இல்லாத ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் நோயாளியும் போய்வந்தது அந்த வண்டியில்தான். ஆனால் ஏற்றிவிட்டது தண்டு மட்டும் என்று நினைப்பது தவறு. நான்கு சக்கரத்துக்கும் என்ஜினின் இழுவை போனது. கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருந்தது. அதில் ‘லோ’ போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை இரண்டு முதல் இரண்டரை மடங்கு வரை கூடும், வேகம் அதே அளவுக்குக் குறையும். நடக்கும் வேகத்தில், கிளட்ச் கருகாமல், கல்லைத் தாண்டியதற்குக் காரணம் அதுதான். வண்டியும் குட்டை, எடையும் குறைவு.

இனி உங்கள் பிக்கப்புக்கு அடியில் குனிந்து பாருங்கள். நம் ஊரில் லோடு அடிக்கும் பிக்கப்கள் பெரும்பாலும் பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. அவற்றில் டிரான்ஸ்ஃபர் கேஸே கிடையாது. ஜீப்பின் முன் ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்டினாலும் அதற்குள் இருக்கும் கிரவுன் பற்சக்கரத்தைச் சுற்ற எதுவும் வராது. நூறு கிலோ இரும்பைச் சும்மா சுமப்பதுதான் மிச்சம். இழுவை வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பக்கத்துக்கு ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதைத் தாங்க சேசிஸில் புதுப் பிடிமானம் எல்லாம் வேண்டும். அப்போது அது ஆக்சில் மாற்றும் வேலையாக இருக்காது, பாதி வண்டியைப் புதிதாகக் கட்டுகிற வேலையாகிவிடும். முன்னும் பின்னும் கிரவுன் பினியன் பற்கணக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். பின்னால் 41-க்கு 8, முன்னால் 43-க்கு 8 என்று இருந்தால் இரண்டு ஆக்சிலும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி ஈடுகட்டிவிடும். தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவை போட்டு ஓட்டினால் ஷாஃப்ட்டோ அதன் கிராஸ் ஜாயின்டோ முறியும்.

இன்னொன்றும் இருக்கிறது. பிக்கப்பின் பின்பக்கம் சாலிட் ஆக்சில்தான். முன்பக்கமும் பல வண்டிகளில் அப்படியே. 2005-இல் வந்த டாடா ஏஸ் முன்னால் தண்டும் ஸ்பிரிங் பட்டையுமாகத்தான் வந்தது. பொலேரோ பிக்கப்பிலும் முன்னால் பட்டை போட்ட ரகங்கள் உண்டு. ஏற்கெனவே இருப்பதைத் தேடி பழைய இரும்புக் கடைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம்பிக்கை: இன்டிபென்டென்ட் என்றால் கார் வேலை, கல் ரோட்டுக்குத் தாங்காது.

2010-இல் வந்த மஹிந்திரா தாரின் முன்பக்கமே இன்டிபென்டென்ட். 2021-இல் புதுப்பித்து வந்த ஃபோர்ஸ் கூர்க்கா, அதுவரை முன்னால் இருந்த தண்டை விட்டுவிட்டு இன்டிபென்டென்டுக்கு மாறியது. இரண்டும் காட்டுக்கும் மலைக்கும் என்றே செய்த வண்டிகள். டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப், அமெரிக்காவில் 1985 மாடலோடு முன்பக்கத் தண்டை நிறுத்தியது. பாறை ஏறுவதை விளையாட்டாகச் செய்யும் அங்கத்திய ஆட்கள் பழைய தண்டையே திரும்ப மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். இந்த ஆக்சில் மாற்றும் பழக்கம் பெரிதாக வளர்ந்த நாடு அதுதான். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது மற்றச் சக்கரம் தரையை விடாமல் அழுத்த, தண்டு உதவுகிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் பாறை ஏறுபவருக்கு அது பெரிய லாபம். தினமும் சேலம் போய்வரும் வண்டிக்கு அந்த லாபம் கைக்கு வராது. தண்டின் எடை முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவதால், குழியில் விழுந்தால் அதிர்ச்சி ஸ்டியரிங் வரை வரும். தக்காளிப் பெட்டிக்கும் வரும்.

நம்பிக்கை: ஆக்சில் மாற்றி வண்டியை உயர்த்தினால் அடி இடிக்காது.

சாலிட் ஆக்சிலில் தரைக்கு மிக அருகே இருப்பது நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷியல் குண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சேசிஸும் தொட்டியும்தான் மேலே போகும், குண்டு போகாது. குண்டு உயர ஒரே வழி பெரிய டயர். அதிலும் டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் குண்டு உயர்வது 1 அங்குலம். தண்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு நியாயமான பெருமை உண்டு: லோடு ஏறினாலும் குண்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையாது. முன்பக்கம் இன்டிபென்டென்டாக இருக்கும் நான்கு சக்கர இழுவை வண்டியில் டிஃப்ரன்ஷியல் சேசிஸோடு சேர்ந்து கீழே அமுங்கும்.

பெரிய டயருக்கு விலையும் உண்டு. விட்டம் பத்து சதவீதம் கூடினால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் ஓடும். ஏற்றத்தில் இழுவை ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். பிரேக் பிடிக்கவும் கூடுதல் விசை வேண்டும்.

நம்பிக்கை: வெல்டிங் தெரிந்தவர் இருந்தால் போதும், ஸ்டியரிங் தானாக அமைந்துவிடும்.

அமையாது. முன் சக்கரம் திரும்பும் அச்சு நிமிர்ந்து நிற்காமல், மேல்முனை சற்றே பின்னால் சாய்ந்திருக்கவேண்டும். அதைக் காஸ்டர் என்பார்கள். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் புரியும். அந்தச் சாய்வுதான் கையை விட்டாலும் வண்டியை நேராக ஓடவைக்கிறது. வண்டியை உயர்த்தும்போது தண்டு உருண்டு இந்தச் சாய்வு குறைந்துபோகும். பிறகு நெடுஞ்சாலையில் வண்டி அங்குமிங்கும் மேயும். அதோடு டை ராட் முனையோ கிங் பின்னோ தேய்ந்திருந்தால், 60, 70 வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். ஸ்டியரிங் டேம்பர் போட்டு அடக்குவது காய்ச்சலுக்குத் தைலம் தடவுகிற கதை. ஸ்டியரிங் ராடும் ஸ்பிரிங்கும் வெவ்வேறு வளைவில் நகர்ந்தால், திருப்பாமலேயே குழிக்குக் குழி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தண்டில் தாறுமாறாக வெல்டிங் வைத்தால் சூட்டில் தண்டே கோணிக்கொள்ளும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். இதையெல்லாம் அளந்து செய்யத் தெரிந்த மேஸ்திரிகள் நம்மிடம் உண்டு. அளக்காமல் செய்பவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

நம்பிக்கை: ஆர்.சி.யில் ஆக்சில் பற்றி என்ன இருக்கிறது? பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கவா போகிறார்?

சரக்கு வண்டியின் பதிவில் டயரின் எண்ணிக்கையும் அளவும், முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் தாங்கக்கூடிய எடையும் தனித்தனியே பதிவாகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரக்கு வண்டி எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போயாகவேண்டும். எஃப்.சி. தள்ளிப்போனால் அத்தனை நாளும் நடை கிடையாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட மாற்றத்தைத்தான்.

எடைக் கணக்கையும் பார்க்கலாம். வண்டியின் மொத்த எடை வரம்பு மாறாது. முன்னால் 90 கிலோ இரும்பு கூடினால் 15 கிலோ தக்காளிப் பெட்டி ஆறு குறையவேண்டும். குறைக்காமல் ஏற்றினால் அது ஓவர்லோடு. அதற்கு 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

நம்பிக்கை: ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது தானாக நடக்கும்.

நான் மிகவும் வருத்தப்படுவது இதைப் பற்றித்தான். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது உயிரைத் தொடுகிற விஷயம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் சாலை தொடர்ந்து இறங்குகிறது. 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி வரிசையாக வண்டிகளை இடித்து நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் நடந்த விபத்திலும் நான்கு பேர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், ஓவர்லோடும், சூடேறிய பிரேக்கும் அந்த இறக்கத்துக்கு நெடுநாளாகப் பழகிய காரணங்கள்.

வண்டியை உயர்த்துகிறவர்களும், லோடு தாங்க ஒரு பட்டை கூடுதலாகப் போடுகிறவர்களும் கவனிக்காத ஒரு சிறு பொருள் பல பிக்கப்களில் இருக்கிறது. பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி, அதன் மேல் முனையில் ஒரு பிரேக் வால்வு. லோடு ஏறி சேசிஸ் கீழே அமுங்கினால் அந்தக் கம்பி நகர்ந்து, வண்டியில் பாரம் இருக்கிறது, பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடு என்று வால்வுக்குச் சொல்லும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலாமல் இருக்க, அழுத்தத்தைக் குறைக்கும். பட்டை கூடினால் லோடு ஏறியும் சேசிஸ் அமுங்காது. வால்வுக்கு வண்டி காலி. ஒன்றரை டன் பின்னால் இருக்கும்போது பின் பிரேக் பாதி வேலையில் நிற்கும், முன் பிரேக் தனியாக எல்லாவற்றையும் தாங்கிச் சூடேறும். ஆக்சிலை மாற்றினால் இன்னும் சிக்கல். மாஸ்டர் சிலிண்டர் ஒரு வண்டியுடையது, வீல் சிலிண்டர் இன்னொரு வண்டியுடையது. மிதியின் உணர்வும் முன்பின் பங்கீடும் எப்படி வரும் என்று ஓட்டிப் பார்க்கும்வரை தெரியாது. ஓட்டிப் பார்க்கும் இடம் தொப்பூராக இருக்கக்கூடாது.

சூடு பிரேக் ஆயிலையும் தாக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தைக் குடித்து ஆயில் பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். கொதித்தால் குழாயில் குமிழி, மிதித்தால் மிதி தரை வரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது எந்த ஆக்சிலையும்விட மலிவு.

கேள்வி: அப்படியானால் மலைக்கிராமத்துக்கு வண்டியே போகக்கூடாதா?

போகவேண்டும். வத்தல்மலைக்கும் சித்தேரிக்கும் இப்போது தார்ச்சாலை உண்டு. நல்ல டயரும் சரியான லோடும் உள்ள சாதாரண பிக்கப் அங்கே போய்வருகிறது. பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்கு, பல தேர்தல்களில் வாக்குப்பதிவு எந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதையில் ஜீப்பும் ஏறவில்லை. அங்கே வேண்டியிருந்தது சாலை. சேறும் கல்லுமாக இருக்கும் பாதையில் தினமும் தொழில் என்றால், தொழிற்சாலையிலேயே நான்கு சக்கர இழுவையோடு வரும் பிக்கப் வாங்கலாம். மஹிந்திராவிலும் இசுசுவிலும் உண்டு. அதன் பிரேக்கும் ஸ்டியரிங்கும் அந்த எடைக்கென்றே கணக்குப் போட்டவை, பதிவிலும் தொந்தரவு இல்லை.

ஆக்சில் மாற்றிப் பார்க்கும் ஆசை தொழிலைத் தாண்டிய கலை ஆசையாக இருந்தால் அதையும் மதிக்கிறேன். கோவாவில் 2014-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிக்கென்று கட்டிய வண்டிகளைப் பார்த்தவருக்கு அது எவ்வளவு நுட்பமான வேலை என்று புரியும். சோறு போடும் வண்டியைத் தொடாமல் இன்னொரு பழைய வண்டியை எடுத்து, சொந்த நிலத்தில் ஓட்டுவதற்காகச் செய்யுங்கள். சக்கர அகலம், கிரவுன் பற்கணக்கு, காஸ்டர், ஷாஃப்ட் கோணம், பிரேக் சிலிண்டர் அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிய பிறகு கட்டிங் டிஸ்க்கைக் கையில் எடுங்கள்.

தினமும் ஓடும் பிக்கப்புக்கு இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அடுத்த முறை லோடோடு தொப்பூர் இறங்கும்போது, அந்த ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கீழே வந்து பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டிப் பாருங்கள். முன் சக்கரங்கள் கொதித்து, பின் சக்கரங்கள் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், பின் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் அந்தக் கம்பியையும் வால்வையும் மெக்கானிக்கிடம் முதலில் காட்டுங்கள்.